பழைய 1080 டிஐ, புது 4060: ஸ்பெக்கை வைத்து ஒப்பிடலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. பாவித்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்ட் (கேமின் படத்தை வரைகிற கார்ட்) ஒன்று கைக்கு வருகிறது, புது ஆர்டிஎக்ஸ் 4060ம் பட்ஜெட்டுக்குள் நிற்கிறது. தாளில் பார்த்தால் பழையதுதான் பெரிசு, பிறகு ஏன் எல்லாரும் புதியதை எடு என்கிறார்கள்? அவருடைய மதர்போர்ட் பி450, சிபியு ரைசன் 5 3600, மொனிட்டர் 1080பி (1920x1080 புள்ளி).

பம்பலப்பிட்டிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துகிற வேலை எனக்கு. இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. 2017 மார்ச்சில் வந்த 1080 டிஐக்கு 3584 கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 11 ஜிபி மெமரி, 352 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் உள்ள பாதையின் அகலம்), விநாடிக்கு 484 ஜிபி பேண்ட்வித் (அந்தப் பாதையில் போகக்கூடிய டேட்டா). 2023இல் வந்த 4060க்கு 3072 கோர், 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. நாலிலும் பழையது முன்னுக்கு. ஆனால் 1080பியில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான புதுக் கேம்களில் 4060 தான் கூட எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) தரும். 

கோர் எண்ணிக்கையை எடுங்கள். ஒரு கோர் விநாடிக்கு எத்தனை தடவை வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1080 டிஐயின் பூஸ்ட் வேகம் 1582 மெகாஹெர்ட்ஸ், 4060இனுடையது 2460. கோரை இரண்டால் (தடவைக்கு இரண்டு கணக்கு) பெருக்கி, வேகத்தாலும் பெருக்கினால் வருவதுதான் டெராஃப்ளொப்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு: பழையதுக்கு 11.3, புதியதுக்கு 15.1.

அப்போ டெராஃப்ளொப்ஸைப் பார்த்தே வாங்கலாமே என்று நினைப்பீர்கள். அதுவும் காலை வாரிவிடும். 2018இல் வந்த 2080 டிஐ 13.4 டெராஃப்ளொப்ஸ், 2020இல் வந்த 3070 20.3. தாளில் ஒன்றரை மடங்கு. கேமில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். காரணம் எண்ணுகிற முறை மாறியதுதான். 2080 டிஐயில் தசமக் கணக்குக்கு ஒரு வரிசை அலகுகள், முழு எண் கணக்குக்குத் தனியாக இன்னொரு வரிசை. கோர் என்று எண்ணியது முதல் வரிசையை மட்டும். 3070இல் இரண்டாவது வரிசைக்கும் தசமக் கணக்குச் செய்யும் வசதியைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து எண்ணி 5888 கோர் என்று பெட்டியில் அடித்தார்கள். பொய் இல்லை. ஆனால் கேம் முழு எண் வேலை கொடுக்கிற நேரமெல்லாம் அந்த இரண்டாவது வரிசை அதில் மாட்டிக்கொள்ளும், தசமக் கணக்குக்குக் கிடைக்காது.

பஸ் அகலமும் அப்படித்தான். 352 பிட்டை மெமரியின் 11 ஜிகாபிட் வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 484 வரும். 128ஐ 17ஆல் பெருக்கி வகுத்தால் 272. இப்போது 2025இல் வந்த 5060ஐப் பாருங்கள்: அதே 128 பிட், மெமரி மட்டும் புது வகை ஜிடிடிஆர்7, 28 ஜிகாபிட், பேண்ட்வித் 448. பஸ் ஒல்லியாகவே இருந்து 1080 டிஐக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 4060இல் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள். எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி) முந்திய தலைமுறை 3060இல் 3 எம்பி, 4060இல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் டேட்டா சிப்புக்குள்ளேயே கிடப்பதால் மெமரிக்கு ஓடும் ஓட்டம் குறைகிறது. 4கே (1080பியை விட நாலு மடங்கு புள்ளி) என்று போனால் அந்தக் கேஷ் போதாது, ஒல்லி பஸ் தன் குணத்தைக் காட்டும். உங்களுக்கு 1080பி என்றபடியால் அந்தக் கவலை இல்லை.

தலைமுறை தாண்டியும் நம்பக்கூடிய எண்கள் இரண்டுதான்: மெமரி எத்தனை ஜிபி, கார்ட் எத்தனை வாட்.

மெமரியில் 4060ஐ நான் தாங்கிப் பேச மாட்டேன். சில புதுக் கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) உச்சத்துக்கு வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பினால் மிச்சத்தை ரேமிலிருந்து இழுக்கும், படம் திக்கித் திக்கி ஓடும். உங்கள் போர்டில் இது இன்னும் கூட உறுத்தும்: கார்டும் போர்டும் பேசும் வழிக்குப் பெயர் பிசிஐஇ, அதன் தடங்கள்தான் லேன். 4060 எட்டு லேனில்தான் பேசும், பி450 4.0 இல்லை, பழைய பிசிஐஇ 3.0 தான், ஆக வழி பாதியாகிவிடுகிறது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

வாட்டில் 1080 டிஐ 250, 4060 115. வித்தியாசம் 135. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் முழு லோடில் ஓட்டினால் மாதம் 16 யூனிட் கூடும். மின்சார சபை பில் படிப்படியாக ஏறுகிற பில். அந்த 16 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் யூனிட் விலையே மாறும். அந்தச் சூடு முழுக்க அறைக்குள்தான் இறங்கும் என்பதை ஏப்ரல் மாதக் கொழும்பில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி எண்ணில் வராத விஷயம். 1080 டிஐயில் ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கிடையாது, டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்குவது) கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம் போல, ரே ட்ரேசிங் இல்லாத கார்டை ஏற்காத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. 10 தொடர் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு முடிவு என்று இந்தக் கார்டுகளைச் செய்கிற என்விடியாவே அறிவித்தது. அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்.

ஆகவே என் பதில் 4060. 1080 டிஐ அதன் பாதி விலைக்கும் கீழே வந்தால், நீங்கள் விளையாடுவதும் பழைய கேம்கள் என்றால், அதை எடுப்பதில் தப்பில்லை. நடுவில் ஒன்று வேண்டுமென்றால் பாவித்த 3060 12 ஜிபி பாருங்கள். 4060ஐ விட வேகம் குறைவு, ஆனால் 16 லேன், உங்கள் போர்டுக்குப் பொருந்தும். 8 ஜிபி 3060 என்றும் ஒன்று இருக்கிறது, அதன் பஸ் 128 பிட். அதைத் தொடாதீர்கள்.

பாவித்தது எடுப்பதானால் கடையிலேயே பூட்டி ஓட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். முதலில் பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூவைப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க ஃப்ளாட்களில் இருந்து வருகிற கார்டுகளில் ஸ்க்ரூ துருப்பிடித்து, ஹீட்சிங்க் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும்; உப்புக் காத்து. பிறகு ஜிபியு-இசெட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து கோர், பஸ், மெமரி வகை மூன்றையும் பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2304 கோருக்குப் பதில் 2048 இருக்கிற வகை உண்டு. ஜிடி 1030 அதைவிட மோசம்: ஜிடிடிஆர்5 உள்ளதுக்கு பேண்ட்வித் 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளதுக்கு 16.8. பெயர் ஒன்றேதான், விற்கிறவர் எதைச் சொல்லுவார் என்று உங்களுக்கே தெரியும்.