ஆர்ட்டெமிஸ்: வேட்டைத் தெய்வமா, நிலவுத் தெய்வமா?

கேள்வி: நிலவுக்கு மனிதரை அனுப்பும் நாசாவின் திட்டத்துக்கு ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கத் தெய்வத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நான் படித்த கதைகளிலோ அவள் வில்லோடு காட்டில் திரியும் வேட்டைத் தெய்வமாகவே வருகிறாள். எது சரி?
– காரைக்குடி வாசகர்

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் வேட்டை மூத்தது, நிலவு பிறகு வந்து சேர்ந்தது. ஹோமரின் காவியங்களில் ஆர்ட்டெமிஸ் அம்பு எய்பவள், காட்டு விலங்குகளின் தலைவி. நிலவோடு அவளுக்கு அங்கே உறவே இல்லை. பழைய கிரேக்கருக்கு நிலவு என்றால் செலீனி, கதிரவனாகிய ஹீலியோஸின் உடன்பிறந்தவள். பிற்காலத்தில் அப்பல்லோவைக் கதிரவனாகவே கருதும் வழக்கம் பரவியபோது, அவனோடு இரட்டையாகப் பிறந்த ஆர்ட்டெமிஸுக்கு நிலவு உரியதாயிற்று. ரோமானியரின் தயானாவோடு அவள் ஒன்றாக்கப்பட்டபின் அது நிலைத்துவிட்டது. அவள் முதலில் பிறந்து, தாய் லீட்டோவுக்கு மருத்துவச்சியாக நின்று அப்பல்லோவைப் பிறப்பித்தாள் என்றும் ஒரு கதை உண்டு. ஆகவே தம்பி சூரியனானதால் அக்காள் நிலவானாள் என்று சொன்னாலும் பிழையில்லை.

வேட்டைத் தெய்வமாக அவளுக்கு இருந்த செல்வாக்குக்கு ஏதென்ஸ் நகரத்தார் பட்ட கடன் ஒன்றே போதும். கி.மு. 490இல் மராத்தான் போருக்கு முன், கொல்லும் பகைவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆடு பலியிடுவதாக அவளிடம் நேர்ந்துகொண்டார்கள். வீழ்ந்த பாரசீகர் 6,400 பேர் என்கிறார் ஹெரொடோட்டஸ். அத்தனை ஆடுகளுக்கு எங்கே போவது? ஆண்டுக்கு 500 வீதம் கொடுத்துத் தீர்ப்பதென்று முடிவுசெய்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பலி நின்றபாடில்லை என்று செனோஃபோன் எழுதியிருக்கிறார்.

நிலவின் சாயல் அவளுடைய வழிபாட்டில் அறவே இல்லாமலும் இல்லை. சுற்றிலும் சிறு சுடர்கள் ஏற்றிய ஒருவகைப் பணியாரத்தை, முழுநிலவு மேற்கே மறையுமுன் கிழக்கே கதிரவன் எழுந்துவிடும் நாளில், அவளுடைய கோயில்களுக்கு எடுத்துச் சென்றார்கள். இரு பக்கமும் ஒளிர்வது என்பதே அதன் பெயருக்குப் பொருள்.

நாசா மனிதரை முதலில் நிலவில் இறக்கிய திட்டத்தின் பெயர் அப்பல்லோ என்பதால், அடுத்ததற்கு உடன்பிறந்தவளின் பெயர் பொருத்தமானதே. ஆனால் 2022 நவம்பர் 16 அன்று ஆளின்றிக் கிளம்பிய அத்திட்டத்தின் முதல் விண்கலத்துக்கு ஓரையன் என்று பெயர். ஓரையனும் ஒரு வேட்டைக்காரன்தான். ஒடிசி காவியத்தில் அவனை அம்பெய்து கொன்றவளே ஆர்ட்டெமிஸ்.