அம்மா கேட்கும் புத்தகம்

அன்புள்ள ஐயா,

நான்கைந்து ஆண்டுகளாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கையில் புத்தகம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. விழித்திரைத் தேய்வால் இரண்டு ஆண்டுகளாக அவரது பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. வீட்டுக்குள் நடமாடுகிறார், ஆட்களை அடையாளம் காண்கிறார், எழுத்து மட்டும் தெரிவதில்லை. பூதக்கண்ணாடி வைத்து முயன்றார். தலைவலிதான் மிச்சம்.

அவருக்காக ஒரு ஒலிப்புத்தகச் செயலிக்கு மாதச் சந்தா கட்டினேன். மூன்று மாதம் ஆயிற்று, ஒரு புத்தகம்கூட முடியவில்லை. அம்மா பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார். விழித்ததும் கதை எங்கேயோ போயிருக்கும். "போதும், நிறுத்து" என்கிறார். சரி, நானாவது கேட்கலாம் என்று நடக்கும்போது கேட்டேன். காதில் குரல் ஓடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. என் வருமானத்துக்கு இந்தச் சந்தா சிறிய தொகை அல்ல. தொடரலாமா? செலவு குறைந்த வழி உண்டா? அல்லது கேட்டுப் படிப்பது எங்களுக்கு வராத ஒன்றா?

ம.

அன்புள்ள ம.,

சந்தாவை நிறுத்திவிடுங்கள். கேட்பதை நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கேட்பது உங்களுக்கு வராது என்று நினைக்க அதில் எதுவும் இல்லை. என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்பதில்தான் சிக்கல். அதைச் சரிசெய்ய அநேகமாகப் பணமே தேவைப்படாது.

நிறுத்தும் முன் ஒன்றைப் பாருங்கள். சந்தாக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மாதம் ஒரு கிரெடிட் தருவார்கள். அதைக் கொடுத்து எடுத்த புத்தகம் பொதுவாகச் சந்தா முடிந்த பிறகும் உங்கள் கணக்கிலேயே இருக்கும். இன்னொன்றில் பணம் கட்டும்வரை எல்லாமே திறந்திருக்கும், நிறுத்தினால் எல்லாமே மூடிவிடும். உங்களுடையது முதல் வகை என்றால் மிச்சமிருக்கும் கிரெடிட்களுக்குப் புத்தகம் எடுத்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். நான் ஒருமுறை இது தெரியாமல் அவசரப்பட்டு நிறுத்தி, சேர்த்து வைத்திருந்த நான்கு கிரெடிட்களை இழந்தேன். பெரிய நாவல்களாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தவை. இன்றும் அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி அம்மாவின் விஷயம். ஒலிப்புத்தகம் முதலில் உருவானதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்க வைக்கும் ஃபோனோகிராஃப் கருவியை எடிசன் 1877-இல் உருவாக்கினார். அது எதற்கெல்லாம் பயன்படும் என்று மறு ஆண்டு அவர் எழுதியபோது, பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதையும் சேர்த்துச் சொன்னார். ஆனால் அன்றைய கருவியில் சில நிமிடங்களுக்கு மேல் பதிய முடியாது. முதல் உலகப்போரில் பார்வை இழந்தவர்கள் பலர். நடு வயதில் விரலால் பிரெய்ல் கற்பது எல்லோருக்கும் எளிதாக இல்லை. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1934-இல் அமெரிக்காவிலும் 1935-இல் பிரிட்டனிலும் பேசும் புத்தகங்கள் பார்வையற்றோரின் வீடுகளுக்குப் போகத் தொடங்கின. அமெரிக்கத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம் ஓடும். பத்து மணி நேர நாவல் என்றால் நாற்பது பக்கம், இருபது தட்டுகள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் அந்தக் கால் மணி நேரம்தான். உங்கள் அம்மாவுக்கும் அந்த அளவு போதும். செயலியில் ஸ்லீப் டைமர் என்று ஒன்று இருக்கும், குறித்த நேரம் ஆனதும் அதுவே ஒலியை நிறுத்திவிடும். அதை 15 நிமிடத்துக்கு வையுங்கள். அவர் தூங்கினாலும் கதை ஓடிப்போகாது. மறுபடி தொடங்கும்போது ஐந்து நிமிடம் பின்னால் போய்த் தொடங்குங்கள். படுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும். உட்கார்ந்து, முடிந்தால் காலையில், கையில் ஏதாவது சின்ன வேலையோடு கேட்கட்டும்.

அதைவிட முக்கியம், அவர் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வாசித்த புத்தகத்திலிருந்து தொடங்குவது. புதிய நாவலை வேண்டாம் என்று வையுங்கள். கண்ணால் வாசிக்கும்போது நாம் அறியாமலே பல வேலைகள் செய்கிறோம். ஒரு பெயர் மறந்தால் நான்கு பக்கம் புரட்டிப் பார்க்கிறோம், கடினமான வரியில் நின்று மறுபடி வாசிக்கிறோம். காதுக்கு அந்த வசதி இல்லை. குரல் அதன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். தெரிந்த கதையில் வழி தவறினாலும் பயமில்லை, நடுவில் கண்விழித்தாலும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று தெரியும். கேட்கும் பழக்கம் வந்த பிறகு புதிய புத்தகங்கள் தாமாக வரும். என் கண் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் வாசிக்கக் கூடாது என்றார்கள். அப்போது முப்பது பாத்திரங்கள் உலவும் ஒரு நாவலை எடுத்து நானும் தோற்றேன். இளம் வயதில் வாசித்த சிறுகதைகளுக்குத் திரும்பிய பிறகே எனக்குக் கேட்க வந்தது.

அடுத்தது குரல். ஒலிப்புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அச்சுப் புத்தகத்தில் ஆசிரியரைப் பார்த்து வாங்குகிறோம். இங்கே வாசிப்பவரையும் பார்க்க வேண்டும். நல்ல வாசிப்பாளர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் மாற்றி நடிப்பவர் அல்ல. உரையாடலில் யார் பேசுகிறார் என்பதைச் சிறு மூச்சிலும் வேக மாற்றத்திலும் காட்டிவிட்டு, வாக்கியத்துக்கு இடம் விட்டு விலகிக்கொள்பவர். அப்படி ஒருவர் வாசித்தால் பல முறை கடந்துபோன வரிகூடப் புதிதாகக் கேட்கும். ஒரு சொல்லின் மீது அவர் தரும் சிறு அழுத்தத்தில், அந்தப் பாத்திரம் ஏன் கோபப்பட்டது என்று இருபது ஆண்டு கழித்து எனக்குப் புரிந்திருக்கிறது. பெரும்பாலான தளங்களில் சில நிமிட மாதிரி இலவசமாகக் கிடைக்கும். அதைக் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். வயதான காதுக்கு உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் முதலில் மங்கும். பின்னணி இசை இருந்தால் சொல் இன்னும் கரைந்துபோகும். இசை இல்லாத, நிதானமான குரலாகத் தேடுங்கள். வேகத்தை 0.9 அளவுக்குக் குறைக்கவும் முடியும். போனின் சிறு ஸ்பீக்கரைவிட ஒரு சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் எவ்வளவோ தெளிவு.

இனி பணம். காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் என்றால் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. ஹியூ மெக்குவாயர் 2005-இல் தொடங்கியது. வாசிப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். கேட்கவும் இறக்கிக்கொள்ளவும் காசில்லை, கணக்குத் திறக்க வேண்டியதும் இல்லை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆங்கிலம்தான் மிகுதி, மற்ற மொழிகளில் குறைவு. யாரும் வாசிக்கலாம் என்பதால் தரம் ஏறி இறங்கும். சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறும், அம்மாவுக்கு அது குழப்பம் தரலாம். தேடும்போது ஒரே ஆள் முழுதும் வாசித்த பதிவுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி அங்கே உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு குரல் கிடைத்தால் அவர் பெயரைத் தட்டி, வேறென்ன வாசித்திருக்கிறார் என்று பாருங்கள். நான் பல புத்தகங்களை அப்படித்தான் கண்டுபிடித்தேன். பழைய ஆசிரியரின் நூலாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு புதிதாக இருந்தால் அதற்குக் காப்புரிமை இருக்கும், அதனால் அங்கே கிடைக்காது.

புதிய புத்தகங்களுக்கு நூலகம். உறுப்பினர் அட்டை இருந்தால் லிப்பி, ஹூப்ளா போன்ற செயலிகள் வழியாக ஒலிப்புத்தகத்தை இரவல் தரும் நூலகங்கள் பல உள்ளன. உங்கள் நூலகம் இதில் இருக்கிறதா என்று ஒரு முறை விசாரியுங்கள். லிப்பியில் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில் பெரும்பாலான நூல்கள் இருப்பதால், பேர் பெற்ற புத்தகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒரே நேரத்தில் நான்கைந்துக்கு முன்பதிவு செய்து வையுங்கள். தவணை முடிந்தால் அதுவே திரும்பிப் போய்விடும், அபராதம் என்ற பேச்சே இல்லை.

உங்கள் அம்மாவுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அச்சை வாசிக்க முடியாதவர்களுக்காக 2013-இல் மராகேஷ் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஒப்பந்தம் ஏற்கப்பட்டது, 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளில், இவர்களுக்கு ஏற்ற வடிவில் ஒரு நூலைத் தயாரிக்கவும் நாடு தாண்டிப் பகிரவும் உரிமையாளரிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதனால் பார்வையற்றோருக்கான நூலகங்களின் சேகரிப்பு பெருகுகிறது. பல இடங்களில் இது இலவசம், கண் மருத்துவரின் சான்று கேட்பார்கள். அம்மாவுக்கு முழுப் பார்வை போகவில்லையே என்று தயங்காதீர்கள். ஒப்பந்தம் அச்சை வாசிக்க இயலாதவர் எல்லோரையும் கருதியது. அங்கே டெய்சி என்ற வடிவத்தில் புத்தகம் தருவார்கள். அத்தியாயம், பக்கம் என்று தாவலாம், விட்ட இடத்தை அது நினைவில் வைக்கும். அதற்கென்று பெரிய பொத்தான்கள் வைத்த கருவிகள் உண்டு. தொடுதிரையில் தடுமாறும் விரலுக்கு, தடவிப் பார்த்து அழுத்தும் பொத்தான் பெரிய விடுதலை. யாரையும் கூப்பிடாமல் தன் புத்தகத்தைத் தானே தொடங்கலாம், தானே நிறுத்தலாம். வாழ்நாள் முழுக்கத் தன் இஷ்டத்துக்குப் பக்கம் புரட்டிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும்.

மின்னூலாக மட்டும் இருப்பதை போனே வாசித்துக் காட்டும். ஐபோனில் ஸ்பீக் ஸ்கிரீன் அமைப்பை இயக்கிவிட்டு, இரண்டு விரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் போதும். ஆண்ட்ராய்டிலும் இதே வசதி உண்டு. கட்டுரைக்கும் செய்திக்கும் இது சரி. கதைக்கு எனக்கு ஒத்துவரவில்லை, இயந்திரக் குரல் எல்லா வாக்கியத்தையும் ஒரே எடையில் வைக்கிறது.

விலை கொடுத்து வாங்குவதை, மறுபடி கேட்பேன் என்று உறுதியாகத் தெரிந்த புத்தகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் மின்னூலையும் ஒலியையும் சேர்த்து வாங்கினால், ஒலியைத் தனியாக வாங்குவதைவிடக் குறைவாக வரும். இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள். சுருக்கப்பட்ட பதிப்பா முழுப் பதிப்பா என்பதையும் பாருங்கள். வாசிப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 9,000 சொற்கள் போகும். தடித்த நாவல் மூன்று மணி நேரத்தில் முடிகிறது என்றால் நிறைய வெட்டியிருக்கிறார்கள். அனுமதியின்றி யாரோ ஏற்றிவைத்த பதிவுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு மணி நேர ஒலிக்குப் பின்னால் வாசிப்பவர், திருத்துபவர் எல்லோரும் சேர்ந்து ஐந்தாறு மணி நேரம் உழைத்திருப்பார்கள். நேர்மையான இலவசமே தேவைக்கு மேல் கிடைக்கும்போது அதில் கைவைக்க வேண்டியதில்லை.

மனம் அலைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்ணால் வாசிக்கும்போதும் அலைகிறது. கை புத்தகத்தின் அதே பக்கத்தில் நிற்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான். 30 நொடி பின்னால் போகும் பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும். நெரிசலான சாலையில் நடக்கும்போது கவனம் சாலையில் இருப்பதே நல்லது, அங்கே கேட்க வேண்டாம். துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது போல, சொற்கள் தேவைப்படாத வேலையோடு வைத்துக்கொள்ளுங்கள். 1.2 வேகத்தில் வைத்தால் சிலருக்கு மனம் ஓடாமல் நிற்கிறது. முயன்று பாருங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. நீங்கள் சொல்லும் மூன்று மாதத்தில் அம்மா கேட்டதெல்லாம் அறியாதவர்களின் குரல். எந்தப் புத்தகத்தை மறுபடி படிக்க ஆசை என்று அவரிடம் கேளுங்கள். அது ஒலியாகக் கிடைத்தாலும் முதல் அத்தியாயத்தை மட்டும் நீங்களே போனில் வாசித்துப் பதியுங்கள். துணிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தால் எதிரொலி வராது. போன் ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தப்பு வந்தால் நிறுத்தாமல் அந்த வாக்கியத்தை மறுபடி வாசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நீங்கள் தவறாக உச்சரிக்கும் இடங்களை அம்மா நிச்சயம் திருத்துவார். திருத்துகிறார் என்றால் தூங்கவில்லை என்று அர்த்தம்.

அவர் எந்தப் புத்தகத்தைச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.