கதவைத் திறந்துவிட்டு வாசியும்

கேள்வி: எனக்கு 24 வயது. கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் வேலை. கொழும்பு அலுவலகத்தோடு போனில் ஆங்கிலம் கதைத்தால் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். போன கிழமை ‘டிவெலப்மென்ற்’ என்ற சொல்லை ஆறுதலாக, எழுத்தெழுத்தாக மூன்று தரம் சொல்லியும் விளங்கவில்லை. நான் ஆங்கிலம் தொடங்க வேண்டிய மூன்றாம் வகுப்பு 2009 இல் முகாமோடு போய்விட்டது. அத்திவாரமே இல்லை. இரவில் இயர்போன் போட்டுக்கொண்டு அறைக்குள் பயிற்சி செய்கிறேன். தம்பி (இந்த வருஷம் ஓ.எல். சோதனை) “என்னக்கா வாசிக்கிறாய்?” என்று எட்டிப் பார்ப்பான், கரைச்சல் என்று கதவைச் சாத்திவிடுவேன். மூன்று மாதத்தில் பிரிட்டிஷ்காரர் மாதிரிக் கதைக்க வைப்பதாகச் சொல்லும் வகுப்புக்குக் காசு கட்டலாமா? – வாசகி, பரந்தன்

பதில்: கட்ட வேண்டாம். கொழும்பில் இருக்கிறவருக்கு விளங்கினால் போதும், பிரிட்டிஷ்காரராக வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது அந்தக் கதவு. போகிற போக்கில் எழுதிவிட்டீர், பிள்ளை. அத்திவாரம் இல்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் நோகிற ஆள், பக்கத்து அறையில் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருக்கிற தம்பியின் முகத்திலடித்த மாதிரிக் கதவைச் சாத்துகிறீர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பெரிய பிள்ளைகள் சின்னனுகளை மரத்தடியில் இருத்திச் சொல்லிக்கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். மூத்த பிள்ளை படித்தது வீட்டுக்குச் சொந்தம். இது பழைய கதை என்றால், சரி, நான் பழைய ஆள்தான்.

அதோடு, சாத்திய கதவுக்குள் உச்சரிப்பு வராது. காதில் இயர்போன் இருக்கும்போது உமக்குக் கேட்பது அந்த வெள்ளைக்காரரின் குரல், உம்முடையது இல்லை.

அந்த ‘டிவெலப்மென்ற்’ ஏன் விளங்கவில்லை தெரியுமா? ஆறுதலாகச் சொன்னதால்தான். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுப்போம். ஆங்கிலத்தில் ஒரு அசையை ஓங்கிச் சொல்லி மற்றதை விழுங்குவார்கள். இந்தச் சொல்லில் ஓங்க வேண்டியது ‘வெ’. மற்றவை வாய்க்குள் கரைந்துபோக வேண்டும். நீர் ஒவ்வொரு எழுத்தையும் சமனாக நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, கேட்கிறவருக்கு அது இன்னும் அந்நியச் சொல்லாகத்தான் போகும். (நான் இன்றைக்கும் ‘ஹொட்டேல்’ என்பதில் முதல் அசையைத்தான் அழுத்துகிறேன். திருந்தவில்லை.)

அந்த ‘வெ’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். உதடு குவிந்தால் அது வேறு எழுத்து. நாங்கள் மேற்கையும் (west) பெனியனையும் (vest) ஒரேமாதிரி ‘வெஸ்ற்’ என்று எழுதுகிறோம், ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள். கடைசி ‘ற்’ மட்டும் உமக்குச் சும்மா வரும்: ‘காற்று’ என்று எங்கள் ஊரில் சொல்லும்போது நாக்கு நிற்கிற இடந்தான் அது. டயர், டி.வி. என்னாமல் ரயர், ரி.வி. என்று எங்கள் ஆட்கள் எழுதியது காது கேட்டுத்தான்.

இப்போது தம்பிக்கு வேலை கொடும். அவன் கொப்பியோடு இருக்கட்டும், நீர் பத்துச் சொல் வாசியும், அவன் காதில் விழுந்ததை எழுதட்டும். நீர் விசிறியை (fan) ஆங்கிலத்தில் சொல்ல அவன் சட்டி (pan) என்று எழுதினால், உம்முடைய பல் உதட்டில் படவில்லை. மேற்கைச் சொல்ல அவன் பெனியன் என்று எழுதினால், உதடு குவியவில்லை. முதல் கிழமை அவனுக்கும் வித்தியாசம் பிடிபடாது, அவன் காதும் தமிழ்க் காதுதானே. அதனால் முதலில் போனில் இருக்கும் அகராதியில் அந்தச் சொற்களை ஒலிக்க விட்டு, இரண்டு பேருமே எழுதிப் பாருங்கள். பிறகு அவன் வாசிக்க நீர் எழுதும். அவனுக்குச் சோதனைக்குச் சொல்லும் எழுத்தும் சேரும், அதற்குத் தனி ரியூசன் தேவையில்லை.

வெட்கம் என்று சொல்ல வேண்டாம். கொழும்பில் முகம் தெரியாத ஆளுக்கு முன்னால் மூன்று தரம் பிழையாகச் சொல்ல முடிந்த உமக்குக் கூடப் பிறந்தவனுக்கு முன்னால் என்ன வெட்கம்?

இன்றிரவு இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடும். ‘டிவெலப்மென்ற்’ என்று சத்தமாகச் சொல்லும். சிரிப்பான். சிரித்து முடிய, அவனைச் சொல்லச் சொல்லும்.