கட்டைவிரல் அடிமூட்டு வலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் பார்ப்பது கை மூட்டுத் தேய்மானம்தான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு 58 வயது. குக்கர் மூடி திறக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு ‘தேய்மானம், ஒன்றும் செய்ய முடியாது’ என்று அனுப்பிவிட்டார்கள்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது, அதுவரை சரி. ஆனால் வலியைக் குறைக்கலாம், கண்டிப்பாகக் குறைக்கலாம். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் கை வலிக்காமலே இருப்பதும் உண்டு, லேசான தேய்மானத்தில் ராத்தூக்கம் போனவர்களும் உண்டு. விரல் நுனியால் ஒரு கிலோ அழுத்திக் கிள்ளினால் அந்த அடிமூட்டில் சுமார் 12 மடங்கு பாரம் விழுகிறது. அதனால் முதலில் பிடியை மாற்றச் சொல்லுங்கள். ஈரத்துணியைக் குழாயில் மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கட்டும். கத்தி, கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள்.

சிகிச்சையில் கையால் என்ன செய்வீர்கள்? மசாஜ்தானா?

மசாஜ் அதில் ஒரு பகுதி. ஒரு கையால் மணிக்கட்டை அசையாமல் அணைத்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் கட்டைவிரலின் அடி எலும்பைப் பிடித்து அதன் நீளவாக்கில் மெல்ல இழுப்பேன், சில விநாடி வைத்திருந்து விடுவேன். வலி குத்தக் கூடாது, ‘அப்பாடா, கொஞ்சம் இடம் கிடைத்தது’ என்பது போலத்தான் இருக்க வேண்டும். அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை. பெரும்பாலும் அது கயிறாக இறுகிக் கிடக்கும், பூ கட்டும் அம்மா ஒருவருக்கு அங்கே தொட்டாலே கண் கலங்கிவிடும். அதை அழுத்திப் பிடித்து இளக விட்டால் விரல் தானாக விரியும்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்த 60 பேரை எடுத்துக்கொண்டார்கள், சராசரி வயது 82. நான்கு வாரத்தில் 12 முறை கைச்சிகிச்சையும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயருக்கு மட்டும் தரப்படும் போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. பிடி பலத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. கைச்சிகிச்சை வலியைத் தணித்துத் தரும், அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

ஸ்பாஞ்சு பந்தை அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினால் வலி கூடுகிறது.

நிறுத்திவிடுங்கள். கட்டைவிரல் அடி தளர்ந்தவர்களுக்கு இறுக்கி அமுக்குவதே அந்த எலும்பை வெளியே தள்ளும். பதிலாக, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்துவிட்டு, டம்ளரைப் பிடிப்பது போலக் கட்டைவிரலை வளைவாக விரித்துப் பிடியுங்கள், ஐந்து விநாடி, பத்து முறை. அப்புறம் உள்ளங்கையை மேஜையில் வைத்து, ஆள்காட்டி விரலில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதன் மறுமுனையை மற்றக் கையால் சுண்டுவிரல் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துங்கள். கட்டைவிரல் அடிமூட்டைத் தாங்கும் முக்கியமான தசை இந்த இரண்டு விரலுக்கும் நடுவேதான் இருக்கிறது. செய்யும்போது லேசாக வலிக்கலாம், மறுநாள் காலை வரை அந்த வலி போகாமல் இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். ஆறேழு வாரம் விடாமல் செய்யாமல் ‘பலனில்லை’ என்று சொல்லாதீர்கள்.

ஊரில் சுளுக்கு எடுப்பவர் விரலைச் சொடுக்கி இழுக்கிறார். போகலாமா?

எண்ணெய் தேய்த்து நீவுவதில் தப்பில்லை. வெடுக்கென்று இழுப்பது வேண்டாம், தேய்ந்த மூட்டைச் சுற்றி இருக்கும் தசைநார் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

விரல் நுனி மூட்டில் கெட்டியாக முடிச்சு வந்திருக்கிறது, புற்றுநோயாக இருக்குமோ?

நுனி மூட்டின் இரு பக்கமும் கெட்டியாகப் புடைத்திருந்தால் பெரும்பாலும் தேய்மானத்தால் வளர்ந்த எலும்புதான், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். முடிச்சு கரையாது, வலி அடங்கும்.

எனக்கு 34 வயது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு கையும் விறைப்பு, கை விரல் முட்டிகள் வீங்கிச் சூடாக இருக்கின்றன. இந்தப் பயிற்சி செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. தேய்மான விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நீங்கள் சொல்வது முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) போல இருக்கிறது, அதற்கு மருந்து சீக்கிரம் ஆரம்பித்தால்தான் மூட்டைக் காப்பாற்றலாம். இந்த வாரமே மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள், வீக்கத்தின் மேல் யாரையும் கை வைத்து அழுத்த விடாதீர்கள்.