பி.எட். பயிற்சிக்கு அரசுப் பள்ளிக்குப் போகிறேன். ஸ்மார்ட் டிவி, ப்ரொஜெக்டர், செயலி வைத்துப் பாடம் நடத்த எப்படிப் பழகுவது?

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வருடா வருடம் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்து பயிற்சி ஆசிரியர்கள் வருவார்கள். கைடு டீச்சர் என்ற முறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதுவேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

டிவியை இயக்கப் பழக ஒரு சாயங்காலம் போதும். எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கத்தான் நாளாகும். நாளைக்கு நடத்தப்போகும் பாடத்தில், கரும்பலகையில் வரைந்து காட்ட முடியாததும் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்க முடியாததும் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை மட்டும் காட்டுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு டிவிக்கு லீவு விடுங்கள். தொழில்நுட்பம் பயன்படுத்தவில்லை என்று நான் யாருக்கும் மார்க் குறைத்ததில்லை.

ஒரு பயிற்சி ஆசிரியை நடத்திய வகுப்பைச் சொன்னால் புரியும். பத்தாம் வகுப்பு, தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் பாடம். (பத்தாம் வகுப்பைப் பயிற்சிக்குக் கொடுக்கப் பல பள்ளிகளில் தயங்குவார்கள். நான் கொடுப்பேன், ரிசல்ட் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.) முதலில் ஆறுகளைப் பற்றி ஒரு நீளமான யூடியூப் வீடியோவோடு வந்தார். பின்னணி இசை பலம், தகவல் குறைவு. "எம்மா, இது ஓடும்போது நீ என்ன செய்வ?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் வீடியோவை விட்டுவிட்டு, கூகுள் எர்த்தில் தாமிரபரணியைப் பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரை செயற்கைக்கோள் படங்களாகப் பிடித்துச் சேமித்துக் கொண்டுவந்தார். நெட்டை நம்பவில்லை, எல்லாம் பென் டிரைவில் இருந்தது.

முதல் படத்தில் மலையும் காடும். பாபநாசம் தாண்டியதும் ஆற்றின் குறுக்கே வெள்ளைக் கோடு கிழித்தாற்போல அணைக்கட்டுகள் தெரியத் தொடங்கின. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கன்னடியன் அணைக்கட்டுப் படம் வந்ததும் ஒரு பையன் எழுந்துவிட்டான். "டீச்சர், அந்தா எங்க கால்வா! அதுக்கு இங்கன எங்க வயக்காடு." அவர் அவனை உட்காரச் சொல்லவில்லை. படத்தை அப்படியே நிறுத்தி, சாக்பீஸைக் கையில் கொடுத்து, கால்வாய் போகும் வழியைப் போர்டில் வரையச் சொன்னார். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று பையன் ஊர்ப் பெயரோடு வரைந்தான். பஸ் ரூட் மாதிரி இருந்ததே தவிர, வரிசை சரி.

அடுத்த கேள்வி டீச்சருடையது. "பச்சை ஏன் ஆத்தோரமா மட்டும் இருக்கு?" கால்வாய் பாய்கிற இடம் பச்சை என்று பிள்ளைகளே சொன்னார்கள். படத்தைத் தெற்கே நகர்த்தினார். நாங்குநேரி, திசையன்விளை தாண்டினால் செம்மணலாகச் செக்கச் சிவப்பு. "அது தேரிக்காடு டீச்சர், எங்க ஆச்சி ஊரு" என்றது ஒரு பிள்ளை. உடனே இன்னொன்று: "அப்போ நம்ம தண்ணி ஏன் அங்க போகல?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் தயாராக இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார், மறுநாள் சொல்லவும் செய்தார். வெள்ளாங்குழியில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து, கருமேனியாறு, நம்பியாறு வழியாக அந்தத் தேரிக்காட்டுப் பக்கம் எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டருக்கு வெள்ளநீர்க் கால்வாய்த் திட்டம் 2009இல் தொடங்கியதைச் சொல்லி, வெட்டிய கால்வாய் மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று படத்தில் காட்டினார். இரண்டு நாளும் சேர்த்து டிவி எரிந்த நேரம் ஒரு பீரியடில் பாதிகூட இருக்காது. ஆனால் அந்த டிவி இல்லாமல் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இனி நடைமுறைக்கு வருவோம்.

பள்ளியில் சேர்ந்த வாரமே, கருவி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். 2019 வாக்கில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. ஆனால் அங்கே ஆன்லைன் தேர்வு, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) பதிவு என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே சொல்லி வைக்காமல் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் நடந்து போய் உட்காரவே பத்து நிமிடம் கரையும். முடிந்தால் கருவியை வகுப்புக்குக் கொண்டுவரப் பாருங்கள்.

ப்ரொஜெக்டர் என்றால் வெயிலைக் கணக்கில் எடுங்கள். நம்ம ஊர் வெயிலில், திரைச்சீலை இல்லாத வகுப்பில், மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் மதியத்துக்கு மேல் திரையில் ஒன்றும் தெரியாது. காலையில் முதல் இரண்டு பீரியடைக் கேட்டு வாங்குங்கள். கடைசி பெஞ்சில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். மின்விசிறிச் சத்தத்தில் டிவி குரல் அங்கே வந்து சேராது. எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஒரு ஸ்லைடுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பிரௌசிங் சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்துக் கொடுத்த பவர்பாயிண்ட், அந்த எழுத்துரு இல்லாத பள்ளி லேப்டாப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடக்கும். யூனிகோடில் அடியுங்கள். போனில் பேசினாலே தமிழில் எழுதிக் கொடுக்கிறது, பிறகு பிழை திருத்திக்கொண்டால் போதும். எப்படி அடித்தாலும் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

செயலிகளில் திக்‌ஷா, மணற்கேணி இரண்டையும் முதலில் பழகுங்கள். பாடநூலில் இருக்கும் க்யூ.ஆர். கோடைத் திக்‌ஷா செயலிக்குள்ளிருந்து ஸ்கேன் செய்து, வேண்டியதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மணற்கேணியைப் பள்ளிக்கல்வித் துறை 2023 ஜூலையில் வெளியிட்டது. பாடத்தைச் சின்னச் சின்னக் காணொலிகளாக வெட்டி வைத்திருப்பதால் வகுப்புக்குத் தோதானது. அறிவியல்காரர்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகள் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்), கணக்குக்காரர்களுக்கு வடிவங்களும் வரைபடங்களும் வரைய ஜியோஜீப்ரா. இரண்டும் இலவசம், நெட் இல்லாமல் ஓட்டவும் வழி இருக்கிறது. எதுவாக இருந்தாலும் இடையிடையே நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் டிவி பார்த்ததாகத்தான் ஆகும்.

பழகுவதற்கு நல்ல வழி கல்லூரியிலேயே இருக்கிறது. நுண்ணிலைக் கற்பித்தலில் (மைக்ரோ டீச்சிங்) ஆறு நிமிடம் நடத்தி, ஆறு நிமிடம் கருத்துக் கேட்டு, பன்னிரண்டு நிமிடம் திருத்தி, மறுபடி ஆறும் ஆறும் என்று 36 நிமிடச் சுற்று செய்திருப்பீர்கள். பலரும் அதை ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு தோழிகள் முன்னால் அந்தச் சுற்றைச் செய்யுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்துப் பேசி வகுப்புக்கு முதுகைக் காட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

கல்லூரியில் ஒரு சார்ட்டும் காட்டியிருப்பார்கள்: படிப்பதில் 10 சதவீதம், பார்ப்பதில் 30 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று, எட்கார் டேலின் அனுபவக் கூம்பு என்ற பெயரில். டேல் 1946இல் அந்தக் கூம்பை வெளியிட்டபோது அதில் எந்தச் சதவீதமும் இல்லை. பின்னால் யாரோ ஒட்டிய எண்கள் அவை. பரீட்சைக்கு வேண்டுமானால் கூம்பை எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கை நம்பி எல்லாப் பீரியடிலும் வீடியோ போடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் பாடக்குறிப்பு எழுதி வாங்குவது இப்போது சகஜம். வாங்கலாம், பாடநூலோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். என்னிடம் ஒருமுறை வந்த பாடக்குறிப்பில் தாமிரபரணி அணைக்கட்டுகளுக்கு நடுவே காவிரியின் கல்லணையும் இருந்தது. நம்ம பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லியிருந்தால் ஒரு வருடத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

"வீட்டுல போன்ல பார்த்துட்டு வாங்க" என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு போன்தான், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வரும். பீடி சுற்றும் அம்மாவிடம் பழைய பட்டன் போன். பார்த்தவன், பார்க்காதவன் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அதேபோல, பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். கல்லூரி ரெக்கார்டுக்குப் படம் கேட்டால் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து எடுங்கள்.

கடைசியாக, சொந்தமாக ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளியிலும் கேபிள் இருக்கும்தான், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அதை யாராவது வேறு அறைக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.