"சும்மா வந்துட்டுப் போங்க" என்று ஸ்டேஷனில் கூப்பிட்டால்: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஏதாவது காணாமல் போனால் போலீஸ் முதலில் கூப்பிடுவது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரையும் சமையல் ஆளையும் பழைய சாமான் கடைக்காரரையும்தான். இவர்களுக்காக வழக்காடி வருகிற வக்கீல் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, புது எண்ணையே தருகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அப்பா 20 வருஷமா ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். முதலாளி மலேசியாவில். இரண்டாம் கட்டில் இருந்த வெள்ளிச் சாமான்களைக் காணோம். ஸ்டேஷனிலிருந்து போனில் "சும்மா வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். அப்பாவுக்கு 63 வயசு.

தம்பி, அப்பாவைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, சந்தேக நபராகவா என்று முதலில் கேளுங்கள். சாட்சி என்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179-ஆம் பிரிவுப்படி எழுத்தில் கூப்பிட வேண்டும். 60 வயது தாண்டிய ஆணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபர் என்றால் 35(3) நோட்டீஸ். வேலைக்காரர் முதலாளி வீட்டில் திருடியதாகச் சொல்லும் குற்றத்துக்கு அதிகபட்சம் 7 வருடம்தான், அதனால் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை, கைது செய்வதானால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையாக நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். போகும்போது கூட ஒருவர் போகட்டும், உள்ளே போன நேரம் வெளியே வந்த நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள்.

அதே தம்பி, மறுபடியும்: போய்விட்டால்? காலையில் போனவரை ராத்திரி வரை விடாமல் வைத்திருந்தால்?

எல்லாரும் பயப்பட வேண்டிய நேரம் இதுதான். கைது செய்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழியும். அதைத் தவிர்க்கத்தான் கைது என்றே எழுதாமல் "விசாரணையில் இருக்கார்" என்கிறார்கள். என்னிடம் வந்த ஒருவரை மூன்று நாள் இப்படி உட்கார வைத்திருந்தார்கள், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி நகை காணாமல் போன புகாரில் அழைத்துச் செல்லப்பட்டு இறந்தார், அந்த வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே தாமதிக்காதீர்கள். 100 அல்லது 112-க்கு அழைத்து இன்னாரை இத்தனை மணியிலிருந்து வைத்திருக்கிறார்கள் என்று பதிவு செய்யுங்கள், எஸ்.பி. அலுவலகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அதிலேயே ஒரு வரி சேருங்கள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும் என்பது 2020 உச்ச நீதிமன்ற உத்தரவு. அப்புறமும் விடவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. காசில்லையே என்று நிற்க வேண்டாம், 15100 இலவச சட்ட உதவி எண். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும்.

கைது என்றே ஆகிவிட்டால் அரெஸ்ட் மெமோவில் குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை உண்டு, ஆனால் முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. அடித்திருந்தால் ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். "ஒண்ணும் இல்லை ஐயா" என்று பயத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் பின்னால் நிரூபிக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை, சமையல் வேலை செய்பவரின் மகள்: அம்மாவை ராத்திரி 8 மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள், சார்.

அனுப்பாதீர்கள் அம்மா. பெண் சாட்சியை எந்த வயதானாலும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். கைது என்றாலும் சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, மிக அவசியம் என்றால் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். "நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வாங்க, பதில் சொல்றோம்" என்று மரியாதையாகவே சொல்லலாம்.

பள்ளத்தூர்: கூட வேலை பார்த்தவன் எல்லாத்தையும் ஒப்புக்கொண்டான், நீயும் ஒப்புக்கொண்டால் சின்ன கேஸாகப் போட்டு விடுகிறேன் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் ஆபத்தா?

பெரும்பாலும் மற்றவரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கேஸ் சின்னதா பெரியதா என்பது அந்தப் போலீஸ்காரர் கையில் மட்டும் இல்லை. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு, நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாகும். இந்த ஓட்டைக்காகத்தான் வி.ஏ.ஓ.வையும் உதவியாளரையும் சாட்சியாக வைத்து "நானே வந்து எடுத்துக் கொடுத்தேன்" என்று எழுதி வாங்குவார்கள். விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது சட்டம். வெள்ளைத் தாளில் கையெழுத்து என்றால் என்ன ஆனாலும் போடாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், அது அரசியல் சாசனம் 20(3) தரும் உரிமை.

காரைக்குடி அடகுக் கடைக்காரர்: திருட்டு நகை உங்க கடைக்கு வந்திருக்கு, அதே எடைக்குத் தங்கம் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கொடுத்தால் விட்டுவிடுவார்களாம்.

கொடுக்காதீர்கள் அண்ணே. நீங்கள் கொடுக்கிற தங்கம் "திருடிய நகை, இவர் கடையிலிருந்து மீட்டது" என்று மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் பத்திரம்) ஏறும், அப்புறம் திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியதாக உங்கள் மேலேயும் வழக்கு. அடகுப் பதிவேடு, அடையாள அட்டை நகல் இரண்டையும் காட்டுங்கள். உங்களிடம் அந்த நகை வந்ததே இல்லை என்றால் அதையே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

பழைய சாமான் கடை வைத்திருப்பவர்: எனாமல் கேரியர், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் ரசீது இல்லாமல் எடுத்துப் போனார்கள்.

பட்டியல் நகல் கேளுங்கள். சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. வீடியோ எங்கே என்று எழுத்தில் கேட்டாலே பாதி வேலை நடக்கும். பொருளைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

கோட்டையூர்: உண்மை கண்டறியும் சோதனைக்கு வரச் சொன்னால்?

சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. உச்ச நீதிமன்றம், 2010.

சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆச்சி: எங்கள் வீட்டில் வெண்கலப் பானையும் அம்மாவின் கழுத்துருவும் (கல்யாணத் தாலி நகை) போய்விட்டது. புகார் கொடுக்கணும், ஆனால் 30 வருஷமா வீட்டைப் பார்க்கிறவரை அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஆச்சி, இப்படி யோசிக்கிற முதலாளி இருப்பதே பெரிய விஷயம். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரைப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், விவரம் தெரிந்த யாரும் கொடுக்கலாம். இணையத்தில் நீங்களே கொடுத்தால் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள், இலவசம்தான். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நடக்கும் விசாரணையில்தான் ஆளைப் பிடித்து வைப்பது சுலபம். சந்தேகம் இல்லாதபோது அவர் பெயரைச் சந்தேகப் பட்டியலில் எழுதாதீர்கள், வேலைக்காரர் பெயரைச் சும்மா ஒரு வரி சேர்ப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில் வளவு (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) அறைச் சாவி எந்தெந்தப் புள்ளியிடம் (பங்காளிக் குடும்பம்) இருக்கிறது, கடைசியாக வீடு திறந்தது எந்தக் கல்யாணத்துக்கு, எந்தப் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), பழைய புகைப்படத்தில் கழுத்துரு தெரிகிறதா என்று எழுதுங்கள். "அவரை விசாரிப்பதானால் நோட்டீஸ் கொடுத்து, எங்கள் உறவினர் முன்னால் விசாரியுங்கள்" என்று புகாரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், புகார்தாரரே அப்படி எழுதினால் கை வைக்க யோசிப்பார்கள்.