காட்டு மழைநீரில் கரைந்த கார்பன்: கேள்வி பதில்

மழை மரங்களைத் தாண்டித் தரைக்கு வருவதற்குள் எவ்வளவு கரிமப் பொருளைச் சுமந்துகொள்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இதைக் கரைந்த கரிமக் கார்பன் என்போம், சுருக்கமாக டிஓசி.

மழைநீர் சுத்தமானது என்றுதானே படித்தோம்? அதில் கார்பன் எப்படி வருகிறது?

வெட்டவெளியில் பிடித்த மழையிலேயே லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை டிஓசி சாதாரணமாக இருக்கும். ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்கள் அதில் கணிசம். அதே மழை இலைகளில் பட்டுச் சொட்டும்போது பல இடங்களில் 5, 10, 20 என்று ஏறிவிடுகிறது. அடிமரத்தில் வடியும் நீரில் பெரும்பாலும் இன்னும் அதிகம்.

இலையின் உள்ளிருந்தே சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் பாலிஃபீனால்களும் கசிகின்றன. இலை மேல் வாழும் பாக்டீரியா, பூஞ்சை, மகரந்தம், படிந்த தூசி எல்லாம் சேர்கின்றன. பலர் மறந்துவிடுவது பூச்சிகளை. பூக்கும் காலத்தில் மாமரத்தடியில் நிறுத்திய வண்டி மேல் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவம். அதை நம்பித்தான் இலையில் கரும்பூசணம் படர்கிறது. ஜெர்மனியின் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில், அதேபோல் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பெருகிய காலங்களில் இலைச்சொட்டு நீரின் டிஓசி உயர்ந்ததை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

எல்லா மழையிலும் ஒரே அளவுதானா?

இல்லை. நீண்ட நாள் மழையில்லாமல் காய்ந்த பிறகு வரும் மழையின் முதல் சில மில்லிமீட்டர்தான் அடர்த்தியாக இருக்கும், பிறகு சரசரவென்று இறங்கும். ஆகவே ஒரே ஒரு வாளி நீரை அளந்துவிட்டு "இந்தக் காட்டின் அளவு இது" என்று எழுதாதீர்கள். எந்த மழை, எத்தனை நாள் மழையில்லாமல் இருந்த பின், மழையின் எந்தக் கட்டம்: மூன்றையும் குறிக்காத எண்ணால் பயனில்லை.

எங்கள் வேப்பமரத்தடியில் தொட்டி வைத்திருக்கிறோம். குடிக்கலாமா?

வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், கரைந்த கரிமம் அப்படியே இருக்கும். குளோரின் போட்டால் அந்தக் கரிமத்தோடு சேர்ந்து குளோரோஃபார்ம் வகைப் பொருட்கள் உண்டாகும். ராட்டர்டாமில் குடிநீரை ஆராய்ந்த யோஹன்னஸ் ரூக் 1974இல் இதை வெளியிட்டார். குடிக்கப் பிடிப்பதானால் மரநிழல் படாத கூரையில், முதல் மழையை ஒதுக்கிவிட்டுப் பிடியுங்கள்.

எம்.எஸ்சி. ஆய்வுக்கு மாதிரி எடுக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய கண்ணாடி பாட்டில், முடிந்தால் பழுப்பு நிறக் கண்ணாடி. புனல் வாயில் இலை, பூச்சி விழாதபடி வலை. ஒரு மரத்தடியிலேயே ஓரிடத்தில் தாரையாகச் சொட்டும், ஒரு முழம் தள்ளினால் நனையவே நனையாது. அதனால் ஒரு மரவகைக்குப் பத்துப் புனலுக்குக் குறையாமல் வையுங்கள். பக்கத்து வெட்டவெளியிலும் வையுங்கள்.

மழை நின்ற அன்றைக்கே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். வடிதாளிலிருந்தும் கார்பன் கசியும் என்பதால் தூய நீரால் அதை முதலில் அலசுங்கள். பிறகு 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள். இலைச்சொட்டு நீரில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் சில நாட்களிலேயே தின்றுவிடும். வாரக் கடைசியில் சேர்த்து வடிகட்டலாம் என்று தள்ளிப்போட்டால், அவை தின்று மீந்ததைத்தான் அளப்பீர்கள். தூய நீரை அதே பாட்டில், அதே வடிதாள் வழியாகச் செலுத்தி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெற்று மாதிரியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேனை வெட்டிப் பிடிக்கலாமா?

மேலே சொன்னதைப் படியுங்கள். கண்ணாடி.

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இலையில் படிந்த தூசியும் புகையும்தான். மரம் எதையும் தரவில்லை, மழை கழுவுகிறது, அவ்வளவே.

தூசி மட்டும் என்றால் நீண்ட மழையில் கழுவித் தீர்ந்து, டிஓசி வெட்டவெளி மழையின் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பல அளவீடுகளில் அப்படி இறங்குவதில்லை. ஓரளவு குறைந்து, அதற்கு மேலேயே நின்றுவிடுகிறது. இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் ஊறிவரும் பங்கு அது.

அதெல்லாம் குளிர்நாட்டுக் காட்டில். வைக்கோல் எரிக்கும் காலத்தில் எங்கள் ஊருக்கு வந்து அளந்து பாருங்கள்!

இதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. எரிப்புப் புகையில் நீரில் கரையும் கரிமம் நிறைய. இலை அதை வடிகட்டிபோல் பிடித்துவைக்கும். அந்தப் பருவத்தில் தூசி, புகையின் பங்கு பெரிதாகலாம். ஆனால் "மரம் எதையும் தரவில்லை" என்பதை ஏற்க மாட்டேன். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: எதுவும் கசியாத பொருளில் செய்த செயற்கை இலைகளை அதே உயரத்தில் கட்டி, மழையில் அதிலிருந்து சொட்டுவதையும் பிடியுங்கள். நிஜ இலைச் சொட்டுக்கும் செயற்கை இலைச் சொட்டுக்கும் உள்ள வேறுபாடே மரத்தின் பங்கைக் கிட்டத்தட்டக் காட்டும்.

நானும் தூசிக் கட்சிதான்.

செயற்கை இலை கட்டி அளந்த எண்ணோடு வாருங்கள், பேசலாம்.

இவ்வளவு கார்பன் இறங்கினால் ஓடை ஏன் தெளிவாக இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பார்டு புரூக் காடு இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் மக்டவலும் லைக்கன்ஸும் மழை, இலைச்சொட்டு, மண், ஓடை என்று படிப்படியாகப் பின்தொடர்ந்து 1988இல் வெளியிட்டார்கள். சருகுப் படுகையில் டிஓசி உச்சத்துக்கு ஏறுகிறது. கீழே இரும்பு, அலுமினிய ஆக்சைடு நிறைந்த மண்ணடுக்கு அதைப் பிடித்துக்கொள்கிறது. ஓடைக்கு வரும்போது லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான்.

மிதவெப்பக் காடுகளின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தால் இலைச்சொட்டு வழியாக ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 40 முதல் 160 கிலோ கார்பன் இறங்குகிறது. சருகுப் படுகையின் அடியில் அது 100 முதல் 400. அதற்கும் கீழே மிகக் குறைவு. மண் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோவைப் பாருங்கள். அமேசானின் வெண்மணல் நிலங்களில் கரிமத்தைப் பிடித்துவைக்கும் இரும்பும் களிமண்ணும் இல்லை, ஆறு தேநீர் நிறத்தில் ஓடுகிறது. ஓடை தெளிவாக இருப்பதை வைத்துக் காட்டின் மழைநீரை எடைபோடாதீர்கள்.

மரத்தடி நீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

மூன்றாவது கேள்வி. துணி வடிகட்டி கரைந்ததைப் பிடிக்காது.

அப்படியென்றால் காடு கார்பனை இழக்கிறதா? கார்பன் கிரெடிட் கணக்கு தப்பா?

சருகாக விழும் கார்பன் ஹெக்டேருக்கு டன் கணக்கில். இலைச்சொட்டு அதன் அருகே சிறியது, அதிலும் பெரும்பகுதி அதே காட்டு மண்ணுக்குத்தான் போகிறது. கிரெடிட் விலை, சான்றிதழ் பற்றி அந்தத் துறையினரிடம் கேளுங்கள்.

அடிமரத்தில் வடியும் நீரை எப்படிப் பிடிப்பது?

ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து, மரத்தைச் சுற்றிச் சரிவாக ஒரு சுற்றுக்கு மேல் கட்டி, பட்டையோடு சேரும் விளிம்பைச் சிலிகான் வைத்து அடைத்து, கீழ்முனையை மூடிய பாத்திரத்தில் விடுங்கள். சிலிகான் நன்றாகக் காய்ந்து, ஒரு மழை அதைக் கழுவிய பிறகே மாதிரி எடுங்கள். பீச் (beech) மரம் போன்ற வழவழப்பான பட்டையில் நீர் வேகமாக வரும், சிறிய வாளி ஒரே மழையில் வழிந்து கணக்குக் கெட்டுவிடும். பெரிய டிரம் வையுங்கள். ஓக் போன்ற சொரசொரப்பான பட்டை நனைந்து ஊறவே நேரம் பிடிக்கும். சிறு மழையில் ஒரு சொட்டும் வராவிட்டால் கருவி பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.